அகாடமிக்குப் பணம் கட்டுவதற்கு முன்

பிள்ளைக்கு விளையாட்டில் ஆர்வம் என்றதும் தனியார் அகாடமியில் ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிடாதீர்கள். சேலத்தில் இருப்பவர்கள் முதலில் மகாத்மா காந்தி மைதானத்துக்குப் போய் மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பாருங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்கு 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் சேர்க்கை உண்டு. தேர்வுப் போட்டி வைத்துத்தான் எடுப்பார்கள். கிடைத்துவிட்டால் தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம். அறிவிப்பு எப்போது வரும் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளியூர்ப் போட்டிகளுக்கான பயணச் செலவுதான் பல வீடுகளில் நகையை அடகுக்கு அனுப்புகிறது. நன்றாக ஆடும் பிள்ளை என்றால், 2023-இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையிடம் உதவி கேட்டு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அதற்காகவே சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள்.

அப்புறம், கிரிக்கெட் பேட் எல்லாம் சீனியர் பிள்ளைகள் பயன்படுத்தியதே போதும். ஹெல்மெட்டை மட்டும் புதிதாக வாங்குங்கள்.