நகம் கறுத்தால் கடைசித் துளையைப் பாருங்கள்

வெள்ளவத்தை மரைன் டிரைவில் 10 கிலோமீற்றர் ஓடிவிட்டுச் சப்பாத்தைக் கழற்றினால் பெருவிரல் நகம் கறுத்திருக்கும். சப்பாத்து சிறிசு என்று நினைத்து ஒரு சைஸ் கூட்டி வாங்கினேன், இன்னும் மோசமானது. குதிக்கால் உள்ளே வழுக்குவதால் ஒவ்வோர் அடிக்கும் பாதம் முன்னால் போய் நகம் முட்டியதுதான் காரணம்.

தீர்வு, கணுக்காலோரம் பெரும்பாலும் வெறுமனே கிடக்கும் அந்தக் கடைசி நாடாத் துளை. நாடா நுனியை அதே பக்கத்திலேயே, வெளியிலிருந்து உள்ளே விட்டு, சின்னி விரல் நுழையுமளவு வளையம் விடுங்கள். மற்றப் பக்கமும் அப்படியே. ஒவ்வொரு நுனியையும் எதிர்ப்பக்க வளையத்துக்குள் கோத்து, குதிக்காலை நிலத்தில் தட்டிப் பின்னுக்கு அமர்த்திவிட்டு, கீழ்நோக்கி இழுங்கள். வளையம் இறுகியபின் முடிச்சு. முன்பாத நாடா தளர்வாகவே இருக்கட்டும். அதையும் இறுக்கினால் விரல் விறைக்கும்.

சைஸ் பார்ப்பது பின்னேரத்தில், பாதம் சற்று வீங்கியிருக்கும்போது, ஓடும் காலுறையோடு. நின்றபடி நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கைப்பெருவிரல் அகலம் இடம் வேண்டும். சிலருக்கு இரண்டாம் விரலே நீளம், கவனியுங்கள்.

பருத்திக் காலுறை இந்த வியர்வைக்குச் சரிவராது. ஈரம் பிடித்துக் கொப்புளம் போடும். மழையில் நனைந்தால் உள்தட்டைக் கழற்றி, பத்திரிகைத் தாள் திணித்து, 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை தாளை மாற்றி மின்விசிறி முன் வையுங்கள். கடும் வெயிலில் வைத்தால் பசை இளகி அடி பிரியும்.