போஸ்ட்பெய்டை விட்டு ப்ரீபெய்டுக்கு மாறுவது எப்படி: நம்ம ஊர் வீடுகளுக்கு ஒரு கணக்கு

பேங்கிலிருந்து தானாகப் போகிற போன் பில்லை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீட்டில் ஒருவராகவோ ரெண்டு பேராகவோ இருக்கும் வயதானவர்களின் போஸ்ட்பெய்டு நம்பர் பெரும்பாலும் எப்போதோ மகன் சென்னையிலிருந்து வந்தபோது எடுத்துக் கொடுத்ததாக இருக்கும். அன்றைக்கு அதற்கு ஒரு நியாயம் இருந்தது. ப்ரீபெய்டில் பேசப் பேசக் காசு கரையும், சிங்கப்பூர்ச் செய்தி பாதியில் இருக்கும்போது கட்டாகும். இன்றைக்கு விற்கிற ப்ரீபெய்டு திட்டங்களில் அநேகமாக எல்லாவற்றிலும் உள்நாட்டுப் பேச்சுக்கு அளவே கிடையாது. ஆனாலும் பழைய பில் மட்டும் மாதா மாதம் போய்க்கொண்டே இருக்கிறது.

எங்கள் தெருவில் ஓர் ஆச்சியின் பில்லைப் பார்த்தேன். "அது பாட்டுக்கு பேங்க்ல பிடிச்சுக்கிறான் தம்பி, எனக்கு என்ன தெரியும்" என்றார்கள். திட்டம் 449 ரூபாய். பில்லின் அடியில் 18 சதவீத ஜிஎஸ்டி தனியாக ஏறி 529 ரூபாய் 82 காசு. பன்னிரண்டால் பெருக்கினால் வருஷத்துக்கு 6,357 ரூபாய். போஸ்ட்பெய்டு விளம்பரத்தில் போடுவது வரி சேர்க்காத விலை, ப்ரீபெய்டு ரீசார்ஜில் போடுவது வரியும் சேர்ந்த விலை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிற பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அதே பில்லில் டேட்டா வரியைப் பார்த்தால் ஆச்சி ஒரு ஜிபிகூடத் தொடவில்லை, ஏனென்றால் வீட்டில் வைஃபை இருக்கிறது, பேரப்பிள்ளைகளோடு வாட்ஸ்அப்பில் பேசுவதெல்லாம் அதில் போய்விடுகிறது.

ஆகவே முதல் வேலை கடைக்குப் போவதோ செயலியைத் திறப்பதோ இல்லை, எவ்வளவு செலவாகிறது என்று பார்ப்பதுதான். கடைசி இரண்டு மூன்று பில்களை எடுங்கள். இல்லையென்றால் போனின் செட்டிங்ஸில் சிம் அல்லது நெட்வொர்க் பக்கத்தில் மொபைல் டேட்டா எவ்வளவு போயிருக்கிறது என்று காட்டும். வைஃபை கணக்கு அங்கேயே தனியாக இருக்கும், அதைச் சேர்க்கக் கூடாது. பெரும்பாலான வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த எண் சிரிப்பு வருகிற அளவு சின்னதாக இருக்கும்.

அப்படிச் சின்னதாக இருந்தால் பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான திட்டத்தைப் பாருங்கள். டேட்டாவே வேண்டாதவர் தலையில் டேட்டாவைக் கட்டக் கூடாது என்று, போன் கம்பெனிகளை ஒழுங்குபடுத்துகிற டிராய் ஆணையம் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. அதிலேயே இந்த வகை வவுச்சர்களை 365 நாள் வரை கொடுக்கலாம் என்றும் மாற்றினார்கள், அதற்கு முன் 90 நாள்தான் உச்சம். 2025 தொடக்கத்தில் திட்டங்கள் வந்தன. உதாரணத்துக்கு ஏர்டெல்லில் 84 நாளைக்கு 469 ரூபாய், 365 நாளைக்கு 1,849 ரூபாய் என்று வைத்தார்கள். நீங்கள் பார்க்கும் நாளில் விலை கூடியிருக்கலாம், 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் ஒரே வாரத்தில் ஏற்றியது நினைவிருக்கும். ஆனாலும் 6,357 எங்கே, 1,849 எங்கே. வித்தியாசம் 4,500 ரூபாய், அதுவும் ஒரே ஒரு நம்பருக்கு.

இந்தத் திட்டங்களை செயலியின் முதல் பக்கத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. கீழே கீழே தள்ளிக்கொண்டு போய் 'வாய்ஸ் ஒன்லி', 'வேல்யூ' என்று ஏதாவது ஒரு மூலையில் இருக்கும். கடையில் கேட்டால் "அது நல்லா இருக்காது சார்" என்பார்கள். விற்கிறவருக்கு நல்லா இருக்காது, அவ்வளவுதான். ஒரு விஷயம் மட்டும் யோசியுங்கள்: வீட்டை விட்டு வெளியே போனால் வாட்ஸ்அப்பும் ஜிபேயும் வேலை செய்யாது. சந்தைக்குப் போய் ஸ்கேன் பண்ணிக் காசு கொடுக்கிற பழக்கம் உள்ளவருக்கு இது ஒத்துவராது. தேவைப்படுகிற அன்றைக்கு மட்டும் அதன்மேல் டேட்டா சேர்த்துக்கொள்ள முடியுமா என்பதை ரீசார்ஜ் செய்வதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

டேட்டா வேண்டும் என்றால் மாதக் கணக்கை மறந்துவிட்டு நாள் கணக்குப் போடுங்கள். விலையை நாளால் வகுங்கள். பேரேடு எழுதிய ஊரில் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனாலும் 28 நாள் என்பதை மாசம் என்று நினைத்து ஏமாறாதவர் குறைவு. 28 நாள் திட்டம் என்றால் வருஷத்துக்குப் பன்னிரண்டு இல்லை, பதின்மூன்று ரீசார்ஜ். 299 ரூபாய்த் திட்டம் என்றால் 3,887 ரூபாய், நாளைக்கு 10 ரூபாய் 68 காசு. 84 நாளைக்கு 799 என்று இருந்தால் நாளைக்கு ஒன்பதரை ரூபாய். முப்பது நாள் திட்டம் ஒன்றும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கிற திட்டம் ஒன்றும் எல்லா நிறுவனமும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று டிராய் 2022-இலேயே சொல்லிவிட்டது. சம்பளத் தேதியோடு ரீசார்ஜ் தேதியும் நிற்க வேண்டும் என்பவர்கள் அதைக் கேட்டு வாங்கலாம். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி, ரெண்டு ஜிபி என்று வருவதில் மிச்சமானது நடுராத்திரியோடு போய்விடும், அடுத்த நாளுக்குச் சேராது. அதனால் வாரத்தில் ஆறு நாள் வீட்டிலேயே வைஃபையில் இருப்பவர் தினசரி டேட்டாவுக்குக் காசு கொடுப்பது வீண். திட்டக் காலம் முழுவதற்கும் மொத்தமாக இத்தனை ஜிபி என்று கொடுக்கிற திட்டம் தேடினால் கிடைக்கும்.

இனி எந்தக் கம்பெனி. அதே கம்பெனியில் போஸ்ட்பெய்டிலிருந்து ப்ரீபெய்டுக்கு மாறுவது ரொம்ப எளிது. நிறுவனத்தின் செயலியிலோ ஸ்டோரிலோ கேட்டால் ஓடிபி வைத்தே மாற்றிவிடலாம், 2021-இல் தொலைத்தொடர்புத் துறை அந்த வழியைத் திறந்தது. நம்பர் மாறாது. மாறிய பிறகு சரிப்படவில்லை, திரும்பப் போகலாம் என்றால் முன்பு 90 நாள் காத்திருக்க வேண்டும், 2025 ஜூனில் அதை 30 நாளாகக் குறைத்தார்கள். அதற்கும் அடுத்த தடவைக்கு மறுபடி 90 நாள்.

வேறு கம்பெனிக்குப் போவதாக இருந்தால், விலையைப் பார்ப்பதற்கு முன் வீட்டுக்குள் சிக்னலைப் பாருங்கள். நம்ம ஊர் வீட்டுச் சுவரின் கனம் தெரிந்ததுதானே. முகப்பில் நான்கு கோடு காட்டுகிற போன், வளவு என்கிற நடுமுற்றம் தாண்டி இரண்டாம் கட்டுக்குப் போனால் ஒரு கோட்டுக்கு வந்துவிடும், உள்ளறையில் அதுவும் இருக்காது. அந்தக் கம்பெனி சிம் வைத்திருக்கும் சொந்தக்காரர் யாராவது வரும்போது அவர் போனை வாங்கிக்கொண்டு அடுப்படி, படுக்கிற அறை, கிணற்றடி என்று ஒரு நடை நடந்து ஒவ்வோர் இடத்திலும் நின்று ஒரு கால் போட்டுப் பார்த்தாலே போதும், கடைக்காரர் சொல்வதைவிட அது நம்பகமானது. பிஎஸ்என்எல் விலை கவர்ச்சியாக இருக்கும், சில ஊர்களில் டவரும் நன்றாக இருக்கிறது, ஆனால் அடுத்த ஊரில் நன்றாக இருக்கிறது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். வீட்டில் வைஃபை இருந்தால் போன் செட்டிங்ஸில் வைஃபை காலிங் என்பதைப் போட்டுவிடுங்கள், போனும் கம்பெனியும் அதற்கு இடம் கொடுத்தால் உள்ளறையிலும் கால் வரும். இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

கம்பெனி மாறும் முறை இதுதான். மெசேஜில் ஆங்கிலத்தில் போர்ட் (PORT) என்று அடித்து, ஓர் இடம் விட்டு, பத்து இலக்க நம்பரை அடித்து 1900-க்கு அனுப்புங்கள். எட்டு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு வரும். தமிழ்நாட்டில் அது நான்கு நாள் செல்லும், அதற்குள் புதுக் கம்பெனிக் கடைக்கு ஆதாரை எடுத்துக்கொண்டு போய் ப்ரீபெய்டு வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். போஸ்ட்பெய்டிலிருந்து நேராக வேறு கம்பெனியின் ப்ரீபெய்டுக்குப் போகலாம், நடுவில் ஒருமுறை மாற வேண்டியதில்லை. ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் என்றால் நம்பர் மாற மூன்று வேலை நாள். குறியீடு வராமல் போவதற்கு வழக்கமான காரணங்கள்: இப்போதுள்ள கம்பெனியில் 90 நாள் ஆகவில்லை, கெடு தாண்டிய பில் பாக்கி இருக்கிறது, அல்லது கடந்த ஏழு நாளுக்குள் சிம் மாற்றியிருக்கிறீர்கள். நம்பர் ஆபீஸ் பெயரில் இருக்கிறது என்றால் அவர்கள் கடிதம் தர வேண்டும்.

நம்ம ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு, நம்பர் யார் பெயரில் இருக்கிறது என்பது. அப்பத்தா பேசுகிற போன் காலமான ஐயா பெயரிலேயே இருக்கும், அல்லது மலேசியாவில் இருக்கிற மகன் பெயரில் இருக்கும். போர்ட் செய்ய நிற்கிறவர் யார் பெயரில் நம்பர் இருக்கிறதோ அவராக இருக்க வேண்டும், முகமோ கைரேகையோ கேட்பார்கள். முதலில் இப்போதைய கம்பெனியிலேயே பெயர் மாற்றிக்கொள்ளுங்கள், அதன்பிறகு மற்றது. அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் நம்பரைப் போட்டு ஓடிபி கொடுத்தால் உங்கள் பெயரில் எத்தனை நம்பர் ஓடுகிறது என்று காட்டும். பூட்டிக்கிடக்கும் வீட்டு வாட்ச்மேனுக்கு என்றைக்கோ வாங்கிக் கொடுத்த நம்பர்கூட அங்கே தலைகாட்டும். வேண்டாததை அங்கேயே சொல்லி நிறுத்தலாம். அதுவும் மிச்சம்தான்.

மாறுவதற்கு நாள் பார்ப்பதும் முக்கியம், பஞ்சாங்கத்தில் இல்லை, பேங்க் வேலையில். புது சிம் போட்டால் பாதுகாப்புக்காக 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வரவும் போகவும் விடாமல் வைக்கலாம், அதாவது ஓடிபி வராமல் போகலாம். சிம் மாறியதால் ஜிபே, போன்பே போன்றவை மறுபடி பதியச் சொல்லும். கல்யாணத்துக்கு முந்தின வாரமோ, ஃபிக்சட் டெபாசிட் முதிர்கிற நாளோ, தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை கிளம்புகிற அன்றைக்கோ இதில் கை வைக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: "உங்கள் சிம் பிளாக் ஆகப் போகிறது, 1900 குறியீட்டைச் சொல்லுங்கள்" என்று யார் போன் செய்தாலும் வைத்துவிடுங்கள். அந்தக் குறியீடு கடையில் நேரில் கொடுப்பதற்கு மட்டும்.

கடைசி பில் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். பில் தேதிக்கும் நீங்கள் மாறிய தேதிக்கும் நடுவில் உள்ள நாட்களுக்கு ஒரு பில் பின்னால் வரும். அதைக் கட்டாமல் விட்டால், போர்ட் செய்து போன புதுக் கம்பெனியிலும் நம்பரை நிறுத்தச் சொல்லப் பழைய கம்பெனிக்கு வழி இருக்கிறது. கட்டிவிட்டு, பிறகு பேங்கிலோ யுபிஐயிலோ கொடுத்து வைத்திருக்கும் ஆட்டோபே அனுமதியை நீங்களே ரத்து செய்யுங்கள். முதலில் இதை ரத்து செய்துவிட்டு பில்லை மறந்துவிடாதீர்கள். ஆரம்பத்தில் டெபாசிட் கட்டியிருந்தால் எழுதிக் கேளுங்கள், கேட்காத டெபாசிட் அப்படியே தூங்கும்.

சிங்கப்பூர், மலேசியா போய் மாதக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு ப்ரீபெய்டு இன்னும் நல்லது என்பேன். அங்கே தெரியாமல் டேட்டா ஓடினால் போஸ்ட்பெய்டில் பில் மிரட்டும், ப்ரீபெய்டில் இருக்கிற இருப்போடு நின்றுவிடும். கிளம்புவதற்கு முன் தங்கும் காலம் முழுக்க வருகிற மாதிரி நீண்ட வேலிடிட்டி போட்டு, சர்வதேச ரோமிங்கை இயக்கி, போனில் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள். பேங்க் ஓடிபி எஸ்எம்எஸ் வருவதற்கு வழக்கமாகக் காசு பிடிப்பதில்லை. 90 நாள் ஒன்றுமே நடக்காமல் கிடந்தால் ப்ரீபெய்டு நம்பரை எடுத்துவிடலாம் என்பது விதி. 20 ரூபாய் இருப்பு இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு முப்பது நாள் முப்பது நாளாக நீட்ட வேண்டும் என்பதும் விதிதான், ஆனால் நம்பர் உயிரோடு இருப்பது வேறு, ஓடிபி வருவது வேறு. இருபது ரூபாயை நம்பி விமானம் ஏறாதீர்கள்.

மாற வேண்டாதவர்களும் உண்டு. கடை வைத்து ஜிஎஸ்டி எண்ணில் பில் வாங்கி வரியைக் கழித்துக்கொள்கிறவர்கள், ஆபீஸ் பில்லைக் கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிற இடத்திலேயே இருக்கலாம். ஒரே பில்லில் வீட்டு நெட், டிவி, போன் எல்லாம் கட்டி வைத்திருப்பவர்கள் போனை மட்டும் கழற்றினால் நெட் விலை ஏறுமா என்று கேட்டுக்கொண்டு செய்யுங்கள். ஒரே முதன்மை நம்பரின் கீழ் நாலு பேர் இருக்கிற குடும்பத் திட்டமும் அப்படித்தான், முதன்மை நம்பரைக் கடைசியில் மாற்றுங்கள்.

ப்ரீபெய்டில் உள்ள ஒரே தொல்லை, தேதியை யாராவது நினைவு வைத்திருக்க வேண்டும். வேலிடிட்டி முடிந்தால் முதலில் வெளியே பேச முடியாது, சில நாளில் உள்ளே வருவதும் நிற்கும். ஆச்சிகளுக்கு வருஷத் திட்டமே போடச் சொல்வதற்கு இதுதான் காரணம். வருஷத்துக்கு ஒரு தேதி, அதைப் பேத்தியின் போனில் ஒரு வாரம் முன்னதாக அலாரமாக வைத்துவிட்டால் போதும், அவள் பெங்களூரில் இருந்தே போட்டுவிடுவாள். பணம் அனுப்பும் செயலிகள் சில ரீசார்ஜுக்கு ஒன்றிரண்டு ரூபாய் சேர்த்துப் பிடிக்கும், கம்பெனியின் சொந்தச் செயலியில் போடுங்கள். காசு பிடித்தும் ரீசார்ஜ் ஏறவில்லை, கேட்காத சேவைக்குக் காசு போய்விட்டது என்றால் அந்தந்த சிம்மிலிருந்தே 198-ஐ அழைத்துப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள், எல்லாக் கம்பெனிக்கும் இதே நம்பர், இலவசம்.