மதுரைலருந்து டொராண்டோ வர்றீங்களா, ஏரியா பாக்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க

உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், டவுனுக்குள்ள செல்லூரு வில்லாபுரம்னு நம்ம பக்கத்துலருந்து டொராண்டோ வர்ற தம்பி தங்கச்சிக எல்லாரும் முதல்ல கேக்குறது "அண்ணே, எது நல்ல ஏரியா?"ங்கிறதுதான். நாலு பேருகிட்ட கேட்டா நாலு பதில் வரும். டொராண்டோவுக்குள்ள கிழக்க இருக்குற ஸ்கார்பரோ பக்கமே போகாதன்னு ஒருத்தர் சொல்லுவாரு, அங்கயே வீடு வாங்கி புள்ளைகளை ஆளாக்குன இன்னொருத்தர் அதைவிட நல்ல இடம் வேற எதும்பாரு. ரெண்டுமே அவங்கவங்க பட்டது, தப்பில்ல. ஆனா இங்க அரசாங்கமே ஏரியா ஏரியாவா கணக்கெடுத்து யாரு வேணும்னாலும் பாருன்னு சும்மா போட்டு வச்சிருக்காங்க, அதைப் பாக்காம வாய்ப்பேச்சை மட்டும் நம்பி ஒரு வருஷ லீஸ்ல, அதாவது வாடகை ஒப்பந்தத்துல, கையெழுத்துப் போடாதீங்க.

அந்தக் கணக்கைப் படிக்க எனக்குத் தெரிஞ்ச நல்ல வழி, முதல்ல அதை மதுரைக்குப் போட்டுப் பாக்குறது. சந்து சந்தா தெரிஞ்ச ஊரு, ஒரு நம்பர் அங்க எதைச் சரியா சொல்லுது எதைக் கோட்டை விட்டுருதுன்னு உங்களுக்கே பட்டுனு புரிஞ்சிரும், அதுக்கப்புறம் டொராண்டோ நம்பரைப் பாத்தா ஏமாறமாட்டீங்க.

ரேங்கை எடுத்துக்குங்க. 2025 ஜூலைல ஸ்வச் சர்வேக்ஷன்னு மத்திய அரசு எடுக்குற ஊர் சுத்தக் கணக்கோட ரிசல்ட் வந்தப்ப பத்து லட்சத்துக்கு மேல சனம் இருக்குற 40 ஊருல மதுரை 40வது. படிச்சப்ப மனசு ரொம்ப கஷ்டமாப் போச்சு, ஆனா குப்பை விஷயத்துல நம்ம ஊரு பின்தங்கிக் கெடக்குறது உண்மைதான், மறைச்சு என்ன ஆகப்போகுது. அதுக்காக அந்த ஒத்த நம்பரை வச்சு கே.கே.நகர்ல வீடு பாக்கவா, அவனியாபுரத்துல பாக்கவான்னு முடிவு பண்ணமுடியுமா? முடியாதுல்ல. எக்கனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் எந்த ஊரு வாழ வசதின்னு வருஷாவருஷம் 173 ஊருக்கு மார்க் போடுறதும் இதே கதைதான். 2024-ல வியன்னா முதலிடம், கால்கரியும் வான்கூவரும் முதல் பத்துக்குள்ள, டொராண்டோ பத்துக்கு வெளிய. அந்த மார்க்ல பாதுகாப்பு, ஆஸ்பத்திரி, கலாச்சாரமும் சுற்றுச்சூழலும், படிப்பு, ரோடு தண்ணி கரண்டு எல்லாம் வரும், ஆனா விலைவாசி வராது. பெரிய கம்பெனிக்காரங்க வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும்போது அந்த ஊருல இருக்குற கஷ்டத்துக்கு எவ்வளவு அலவன்ஸ் கொடுக்கலாம்னு பாக்கத்தான் அது பெரும்பாலும் உதவும். கடன் வாங்கி படிக்க வந்த புள்ளைக்கு வாடகையும் சாப்பாட்டுச் செலவும்தான் முதல் கேள்வி, அதுக்கு அந்த ரேங்க்ல பதிலே கிடையாது.

அடுத்து, ஊருன்னா எது வரைக்கும் ஊருன்னு பாக்கணும். 2011 சென்சஸ்படி மதுரை மாநகராட்சில 10,17,865 பேரு. அதே வருஷம் திருப்பரங்குன்றம், அவனியாபுரம், ஆனையூரு, விளாங்குடின்னு சுத்தி இருந்ததைச் சேத்து 72 வார்டை 100 ஆக்குனாங்க, கணக்கு 14 லட்சத்து சொச்சமா மாறிருச்சு, புதுசா ஒருத்தரும் குடிவரல, எல்லைக் கோட்டைத்தான் தள்ளிப் போட்டாங்க. டொராண்டோவுலயும் 1998-ல ஸ்கார்பரோ, நார்த் யார்க், எட்டோபிகோ எல்லாத்தையும் ஒண்ணா இணைச்சதுதான் இப்ப இருக்குற சிட்டி. 2021 சென்சஸ்ல சிட்டி மட்டும் 27,94,356 பேரு, மிசிசாகா, பிராம்டன், மார்க்கம், ஏஜாக்ஸ் எல்லாம் சேந்த மெட்ரோ ஏரியா 62,02,225 பேரு. ரெண்டையுமே டொராண்டோன்னுதான் எழுதுவாய்ங்க. ஒரு நம்பரைப் பாத்தா இது சிட்டியா மெட்ரோவான்னு முதல்ல பாருங்க, ஏன்னா 2020-ம் வருஷ வருமானத்துல ஒரு குடும்பத்தோட மீடியன் (என்னன்னு அடுத்து சொல்றேன்) சிட்டில 84,000 டாலர், மெட்ரோவுல 97,000 டாலர், இவ்வளவு வித்தியாசம் வருது.

வருமானத்துல மீடியன் போட்டிருந்தா அதை எடுங்க, ஆவரேஜை விட்ருங்க, நாலு பெரிய பணக்காரங்க இருந்தா ஆவரேஜ் ஏறிரும், மீடியன்னா வரிசையா நிறுத்தி நடுவுல நிக்கிற குடும்பத்தோட வருமானம். அதுலயும் ரெண்டு விஷயம் பாருங்க. ஒரே வீட்டுல தங்கியிருக்குற மூணு பசங்களும் கணக்குல ஒரு குடும்பம்தான், அதனால அதை உங்க ஒருத்தர் சம்பளத்தோட ஒப்பிடாதீங்க. இன்னொண்ணு 2020 கொரோனா வருஷம், வேலை போனவங்களுக்கு அரசாங்கம் நாலு வாரத்துக்கு 2,000 டாலர் கொடுத்துச்சு, அதனால குறைஞ்ச வருமானக்காரங்க கணக்கு அந்த வருஷம் கொஞ்சம் தூக்கலா தெரியும். வேலைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகுதுங்கிற கணக்கும் அப்படித்தான், 2021 மே மாசம் சென்சஸ் எடுத்தப்ப நிறைய ஆபீஸ் வீட்டுலருந்தே நடந்துச்சு, அதனால 2016 கணக்கையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.

பயம் எல்லாருக்கும் குற்றக்கணக்குலதான். இதைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன். பெரியார் பஸ் ஸ்டாண்டையும் சித்திரை வீதியையும் நினைச்சுக்குங்க. அங்க வீடு வச்சு குடியிருக்கிறவங்க கொஞ்சம், வந்து போறவங்க கடல் மாதிரி. பிக்பாக்கெட் அடிச்ச மொத்தக் கணக்கையும் குடியிருக்கிறவங்க எண்ணிக்கையால வகுத்தா மதுரையிலேயே மோசமான இடம் மீனாட்சி கோயில் வாசல்தான்னு வரும்! டொராண்டோ போலீஸ் ஊரை 158 பகுதியா பிரிச்சு அடிதடி, வழிப்பறி, வீடு புகுந்து திருட்டு, கார் திருட்டுன்னு தனித்தனியா லட்சம் பேருக்கு எத்தனைன்னு போடுறாங்க, நல்ல கணக்கு, ஆனா டவுன்டவுன்ல யங் ஸ்ட்ரீட் ஓரமா இருக்குற பகுதிக்கெல்லாம் இந்தச் சிக்கல் உண்டு, அதைத் தெரிஞ்சு படிங்க. மொத்த எண்ணைப் பாக்காம வகையைப் பாருங்க, காரே இல்லாதவருக்கு கார் திருட்டு கூடுதலா இருக்குற ஏரியா பெரிய கவலையில்ல, ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு பஸ்ல இறங்கி நடந்து வர்ற தங்கச்சிக்கு வழிப்பறி நம்பர்தான் முக்கியம். ஒரு வருஷத்தைப் பாத்து முடிவு பண்ணாதீங்க, நாலஞ்சு வருஷத்தை வரிசையா பாருங்க. ஊருக்கு ஊரு ஒப்பிடணும்னா அரசாங்கத்தோட புள்ளிவிவர அமைப்பு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கனடாவோட கிரைம் சிவியரிட்டி இண்டெக்ஸ் இருக்கு, சின்னத் திருட்டுக்குக் கம்மி எடை கொலைக்குக் கூடுதல் எடைன்னு போட்டு 2006-ம் வருஷத்து கனடாவை 100-ன்னு வச்சுச் சொல்லுவாங்க. போலீஸ் வரைக்கும் போன குற்றம் மட்டும்தான் இதுல எல்லாத்துலயும் வரும்.

ஸ்கூலுக்கு ஈக்யூஏஓன்னு மாகாணத் தேர்வு இருக்கு, 3, 6 வகுப்புக்கு நடத்தி ஸ்கூல் வாரியா மார்க் போடுவாங்க. வசதியான ஏரியாவுல மார்க் தானா கூடத்தான் வரும், அதனால அதை மட்டும் வச்சு ஒரு ஸ்கூலை ஒதுக்கிறாதீங்க.

இப்ப வாடகை. புதுசா வர்றவங்க அதிகமா அடி வாங்குறது இங்கதான். சிஎம்எச்சிங்கிற அரசு நிறுவனம் வருஷாவருஷம் அக்டோபர்ல சர்வே எடுத்து ஊருவாரியா சராசரி வாடகையும் காலி வீட்டு சதவீதமும் போடும். காலி வீடு 3 சதவீதம் பக்கம் இருந்தா பரவால்லன்னு பொதுவா சொல்லுவாங்க, கனடா முழுக்க 2023-ல அது 1.5, 2024-ல 2.2. சதவீதம் குறைய குறைய வீட்டுக்காரர் கை ஓங்கும். ஆனா அந்த சராசரி வாடகைய நம்பி பட்ஜெட் போட்றாதீங்க. பத்து வருஷமா ஒரே வீட்டுல பழைய வாடகை கொடுத்துட்டு இருக்கிறவங்களும் அந்தக் கணக்குல இருக்காங்க, இன்னைக்குக் காலியாகி விளம்பரத்துக்கு வர்ற வீடு அதைவிட கூடத்தான் இருக்கும். நம்ம பசங்க நிறையப் பேரு தங்குற பேஸ்மென்ட்டும் (தனி வீட்டுக்குக் கீழ தரைக்கடியில இருக்குற போர்ஷன்) அந்த சராசரில வராது, ஏன்னா அது வாடகைக்குன்னே கட்டுன அபார்ட்மென்ட் கணக்கு. அதனால காலி வீட்டு சதவீதத்தை சிஎம்எச்சில பாருங்க, வாடகைய இப்ப ஓடுற விளம்பரங்கள்ல பாருங்க, ஒரே ஏரியாவுல ஒரே சைஸ்ல ஒரு இருபது விளம்பரத்தை எழுதி வச்சு நடுவுல வர்றதை எடுத்துக்குங்க.

டொராண்டோ இருக்குற ஒண்டாரியோ மாகாணத்துல ஏற்கனவே குடியிருக்கிறவங்களுக்கு வாடகைய வருஷத்துக்கு இவ்வளவுதான் ஏத்தலாம்னு அரசாங்கம் சொல்லும், 2025-க்கு 2.5 சதவீதம், 2026-க்கு 2.1. ஆனா 2018 நவம்பர் 15-க்கு அப்புறம் முதல்முறையா குடியேறுன வீடுகளுக்கு இந்த உச்சவரம்பு கிடையாது, பளபளன்னு புது காண்டோவுல (தனித்தனி ஓனருக்கு வித்த அடுக்குமாடி வீடு) முதல் வருஷம் கம்மியா கொடுத்து அடுத்த வருஷம் எவ்வளவு வேணும்னாலும் ஏத்தலாம். நம்ம ஊரு மாதிரி பத்து மாச அட்வான்ஸெல்லாம் இங்க கேக்கக்கூடாது, முதல் மாசமும் கடைசி மாசமும்தான், சாவிக்கு வேணா அது செய்யிற செலவு அளவுக்கு டெபாசிட் வாங்கலாம், டேமேஜ் டெபாசிட்னு தனியா கேட்டா கொடுக்கவேண்டியதில்ல. லீஸ்ல சைன் பண்றதுக்கு முன்னாடி அந்த வீட்டுல முதல்ல ஆளு குடிவந்தது எந்த வருஷம்னு கேட்டு, பதிலை மெயில்ல எழுதி வாங்கிக்குங்க.