மொட்டைமாடி ஆன்டெனாவில் மழைநீர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை போன்ற கடலோர நகரங்களில் மொட்டைமாடியில் ஹாம் வானொலி (உரிமம் பெற்ற தனிநபர்கள் பொழுதுபோக்காக நடத்தும் வானொலித் தொடர்பு) ஆன்டெனா வைத்திருப்பவர்கள் பலர், எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 1.2 காட்டுகிறது என்பதை மட்டும் பார்த்துவிட்டு, மழை எதையும் கெடுக்கவில்லை என்று நம்பிவிடுகிறார்கள். மற்ற தவறுகளையெல்லாம் மறைத்துவிடும் தவறு இதுதான். ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் ஆற்றலைக் கொண்டே அந்த மீட்டர் கணக்கிடுகிறது: எதுவும் திரும்பாவிட்டால் 1 காட்டும், அதிகம் திரும்பினால் எண் கூடும். வானொலிக் கருவியை ஆன்டெனாவுடன் இணைக்கும், நீர் புகுந்த கேபிளோ, போகும் ஆற்றலையும் திரும்பும் ஆற்றலையும் வழியிலேயே வெப்பமாக்கிவிடுகிறது. ஆகவே கேபிள் கெடக் கெட மீட்டரின் அளவு நன்றாகிக்கொண்டே போகும். இதைச் சோதிக்க, கேபிளின் மேல்முனையை ஆன்டெனாவிலிருந்து கழற்றி, எதிலும் இணைக்காமல் விட்டு, கீழ்முனையில் எஸ்.டபிள்யூ.ஆர். அளக்கும் ஆன்டெனா அனலைசர் கருவியைப் பொருத்தி 145 மெகாஹெர்ட்ஸில் அளந்து பாருங்கள். திறந்த முனையில் ஆற்றல் முழுவதும் திரும்பிவிடுவதால், 20 மீட்டர் நீளமுள்ள நல்ல ஆர்.ஜி.213 வகைக் கேபிள் ஏறத்தாழ 5 காட்ட வேண்டும். 1.5 காட்டினால், அனுப்பும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கு கேபிளிலேயே வீணாகிறது என்று பொருள்.

நீர் பெரும்பாலும் கனெக்டர் வழியாகத்தான் புகுகிறது. நாம் அதிகம் பயன்படுத்தும் பி.எல்.259 கனெக்டரில் நீரைத் தடுக்கும் ரப்பர் வளையம் கிடையாது. என்-டைப் கனெக்டரில் அது உண்டு என்றாலும், வெட்டவெளியில் அதையும் சுற்றி மூடுவதே நல்லது. மரையிடுக்கில் இறங்கும் ஈரத்தைக் கேபிளின் செம்புப் பின்னல், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, உறைக்குள் நெடுந்தொலைவுக்கு இழுத்துச் சென்றுவிடும். உறையைச் சீவிப் பார்த்தால், மின்ன வேண்டிய பின்னல் கறுத்தோ பச்சை பூத்தோ கிடக்கும். அப்படிப்பட்ட கேபிளை வெயிலில் உலர்த்திப் பயனில்லை. பளபளக்கும் செம்பு தெரியும்வரை நறுக்கிவிட வேண்டும், இல்லையேல் புதிதாக வாங்க வேண்டும்.

சாதாரண இன்சுலேஷன் டேப்பை மட்டும் சுற்றிவிட்டு நிம்மதியடைவது அடுத்த தவறு. நம் ஊர் வெயிலில் அதன் பசை இளகி, ஓரம் பிரிந்து, உள்ளே ஈரம் தங்க இடம் கொடுத்துவிடும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் செல்ஃப் அமால்கமேட்டிங் ரப்பர் டேப்பை நன்கு இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும்படி சுற்ற வேண்டும். கடைசி அடுக்கைக் கீழிருந்து மேலாகச் சுற்றினால்தான் மேல்சுற்றின் விளிம்பு கீழ்ச்சுற்றின்மேல் படிந்து நீர் வழிந்தோடும். மேலிருந்து சுற்றினால் ஒவ்வொரு விளிம்பும் நீரை ஏந்தி நிற்கும். ரப்பரை வெயிலிலிருந்து காக்க, அதன்மேல் தரமான பி.வி.சி. டேப்பையும் அதே முறையில் சுற்றி, இறுதிச் சுற்றை மட்டும் இழுக்காமல் படிய ஒட்டுங்கள். இழுத்து ஒட்டிய நுனி சில நாளிலேயே எழும்பிவிடும்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் சிலிக்கோன் சீலன்டைக் கனெக்டரில் பூசுவதை நான் அறவே ஏற்பதில்லை. உலரும்போது காடி வாடை வீசும் வகை, அசிட்டிக் அமிலத்தை வெளிவிட்டுச் செம்பை அரித்துவிடும். நியூட்ரல் க்யூர் என்று குறிப்பிட்ட வகையை மட்டும், அதுவும் பெட்டிகளின் விளிம்புக்குப் பயன்படுத்தலாம்.

நீர் புகக்கூடாது என்ற அக்கறையில் எல்லாத் துளைகளையும் அடைத்துவிடுவது, நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பெரிய தவறு. ஆன்டெனாவின் அடிப்பகுதியிலும் கேபிளை ஆன்டெனாவுடன் பொருத்தும் பாலன் பெட்டியின் கீழ்ப்புறத்திலும் உள்ள சிறு துளைகள் நீர் வடிவதற்காகவே வைக்கப்பட்டவை. பகலில் சூடேறி விரியும் பெட்டிக்காற்று இரவில் குளிர்ந்து சுருங்கும்போது, எவ்வளவு இறுக்கமான மூடியானாலும் ஏதோ ஓர் இடுக்கின் வழியே ஈரக்காற்றை உள்ளிழுத்துவிடும். அந்த ஈரம் உள்ளே நீர்த்துளியாகப் படிந்து, வெளியேற வழியின்றித் தேங்கும். துளை இல்லாத பெட்டியானால் அதன் தாழ்வான இடத்தில் நாமே சிறிதாக ஒன்று இடுவது நல்லது. பூச்சி அடையாமலிருக்க மெல்லிய வலை போதும்.

கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்தில், நுழைவாயிலைவிடத் தாழ்வாக ஒரு வளைவு விட மறக்காதீர்கள். இல்லையேல் உறையின்மேல் வழியும் நீர் நேராக வீட்டுக்குள் வந்துவிடும். அலுமினியக் குழாயில் செம்புக் கம்பியை நேரடியாக முடுக்குவதும் கூடாது. கடற்காற்றின் உப்பீரம் பட்டால் அந்த இணைப்பில் அலுமினியம் அரித்துப்போகும் என்பதால், இடையில் துருப்பிடிக்காத எஃகு வாஷர் வைத்து இணைக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் மழை பிடித்த பிறகு செய்ய முற்படுவதிலும் பயனில்லை. ஈரமான கனெக்டரின்மேல் டேப் சுற்றினால் ஈரத்தையே உள்ளே பூட்டி வைத்ததாகிவிடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது கைபேசிச் சேவை பல இடங்களில் முடங்கியது. ஹாம் வானொலி ஊருக்கு உதவ வேண்டியது அத்தகைய நாட்களில்தான். ஆகவே செப்டம்பரிலேயே, நன்கு வெயில் காய்ந்த ஒரு நாளில், பழைய டேப்பைப் பிரித்துப் பார்த்து, உலர்ந்த கனெக்டரின்மேல் புதிதாகச் சுற்றிவிடுங்கள்.