இணைய வகுப்பில் உயிருள்ள கலந்துரையாடலை அமைப்பது எப்படி?

கேட்டதை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவியான சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வெளியான பிறகு, "வெள்ளத்தின் காரணங்களை விளக்குக" என்ற கேள்வியை இணைய வகுப்பில் கலந்துரையாடக் கொடுத்தால், முப்பது மாணவர்களிடமிருந்தும் ஏறத்தாழ ஒரே பதில் வந்து சேரக்கூடும். ஆகவே கேள்வியை மாற்றுவதே முதல் வேலை. சென்னை மாணவர்களுக்கு 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பாடமாக நடத்துபவர், அன்று தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிந்து, அங்குள்ள மழைநீர் வடிகாலின் இன்றைய நிலையைப் படமெடுத்து இணைத்து, அதன் பின்னரே செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்த்திறப்பைப் பற்றித் தம் கருத்தை எழுதுமாறு பணிக்கலாம். இயந்திரம் அந்தத் தெருவில் குடியிருந்ததில்லை.

மறுமொழிகளுக்கும் விதி வேண்டும். சக மாணவர் எழுதியதில் ஒரு வாக்கியத்தைச் சுட்டிக்காட்டி, அதற்கு எதிரான சான்றையோ அதில் விடுபட்ட கேள்வியையோ முன்வைக்கச் சொன்னால், "நன்று, உடன்படுகிறேன்" என்னும் ஒற்றை வரிகள் குறையும். மூடுல் (Moodle) என்னும் இணையக் கற்றல் தளத்தைப் பயன்படுத்துவோர் அதன் கலந்துரையாடல் மன்றத்தில் கேள்வி-பதில் வகையைத் தேர்ந்தெடுத்தால், ஒருவர் தம் பதிலை இடும் வரை பிறருடைய பதில்கள் அவருக்குத் தெரியாது. குழுவில் ஐந்தாறு பேர் போதும்.

செயற்கை நுண்ணறிவைத் தடை செய்வதைவிட, அது தந்த விடையை ஆசிரியரே பதிவிட்டு, அதிலுள்ள பிழைகளை மாணவர்கள் கண்டுபிடிக்கச் செய்வது பயன் தரும். செயற்கை நுண்ணறிவு எழுதியதைக் கண்டறியும் கருவிகளை நம்பி மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியக் குறைவு காரணமாக 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. ஐயம் எழுந்தால், எழுதியதைப் பற்றி அந்த மாணவரை இரண்டு நிமிடம் பேசச் சொல்லிக் கேளுங்கள்.