நாலு சொல்லுக்கும் ஒரே ‘பேக்’: வீட்டில் இங்கிலீசு பழகும்போது விடக்கூடாத பிழைகள்

அக்காவின் மகள் களுவாஞ்சிகுடியில் தரம் 8இல் படிக்கிறாள். போன கிழமை அவளுடைய இங்கிலீசுக் கொப்பியைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு சொல்லுக்குக் கீழும் பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதியிருந்தாள். முதுகுக்கு ‘பேக்’. புத்தகப் பைக்கும் ‘பேக்’. சாமான் பொதி செய்வதற்கும் ‘பேக்’. போறணையில் பாண் சுடுவதற்கும் அதே ‘பேக்’. நேரத்துக்கு ‘ரைம்’ என்று இருந்தது. இரண்டு பக்கம் தள்ளி, குழந்தைப் பாட்டுக்கும் ‘ரைம்’. பிள்ளை கஷ்டப்பட்டுத்தான் படித்திருக்கிறாள். நாலு சொல்லை ஒரே ஓசையில் பாடமாக்கியிருக்கிறாள், அவ்வளவுதான்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் நான் பார்த்த வீடுகளில் ஆகக் கூடுதலாகக் காணும் பிழை இது. தமிழ் எழுத்து தமிழ் ஓசைக்காக உருவானது. அதில் இங்கிலீசை எழுதி வைத்தால் வாய் அந்த எழுத்தைத்தான் படிக்கும். எழுதுவதற்கு முன் காதால் கேட்க வேண்டும். போனிலுள்ள அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் சொல்லிக் காட்டும். மூன்று தரம் கேட்டு, மூன்று தரம் உரக்கச் சொல்லி, அதன் பிறகு எழுதட்டும்.

ஓசை வராது என்று பயப்படவும் வேண்டாம். ‘பழம்’ என்ற சொல்லின் முதல் எழுத்தையும் ‘கம்பு’ என்ற சொல்லின் கடைசி எழுத்தையும் சொல்லிப் பாருங்கள். எழுத்து ஒன்று, ஓசை இரண்டு. தமிழில் ‘பி’ என்றே எழுதுகிற P, B என்ற இரண்டு இங்கிலீசு எழுத்துகளின் ஓசையும் ஏற்கெனவே எங்கள் வாயில் இருக்கின்றன. ‘தங்கம்’, ‘வண்டி’, ‘பஞ்சு’ எல்லாவற்றிலும் அப்படித்தான். கம்பில் வருகிற ஓசையைச் சொல்லின் முதலுக்குக் கொண்டுவரப் பழகினால் போதும். தொண்டையில் விரலை வைத்துச் சொன்னால் அதிர்வது எது, அதிராதது எது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

சொல் முடிகிற இடத்தையும் கவனிக்க வேண்டும். தமிழில் க், ட், ப் என்று ஒரு சொல் முடியாது. மூக்கு, பாட்டு, உப்பு என்று உகரம் வந்து ஒட்டும். அதே பழக்கத்தில் ‘புக்கு’, ‘கப்பு’ என்கிறோம். அந்த உகரத்தை விட்டுவிட்டாலே பேச்சு பாதி திருந்திவிடும்.

அடுத்தது, தமிழில் யோசித்துச் சொல்லுக்குச் சொல் மாற்றுவது. “நான் ஒவ்வொரு நாளும் கடைக்குப் போறன்”, “நான் இப்ப கடைக்குப் போறன்”. இரண்டுக்கும் எங்களிடம் ஒரே ‘போறன்’. இங்கிலீசில் முதலாவது ‘ஐ கோ’, இரண்டாவது ‘ஐ ஆம் கோயிங்’. இந்தப் பிரிவு பிள்ளைக்கு விளங்காததால்தான் ‘ஐ ஆம் நோயிங்’, ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்றெல்லாம் வருகிறது. கேள்வியிலும் இதே கதைதான். “எங்க போறீங்க?” என்பதில் எதுவும் இடம் மாறுவதில்லை, அதனால் ‘வேர் யூ ஆர் கோயிங்?’ என்று கேட்டுவிடுகிறோம். ‘வேர் ஆர் யூ கோயிங்?’ என்பதை விதியாகச் சொல்லிக் கொடுப்பதைவிட, வாசலில் வெளிக்கிடுகிற ஒவ்வொருவரிடமும் கேட்க வைத்தால் சீக்கிரம் பதியும்.

தமிழை நிறுத்திவிட்டு வீட்டில் இங்கிலீசு மட்டும் பேசுகிற பெற்றோரும் இருக்கிறார்கள். அது வேண்டாம் என்பேன். 1892இல் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகவும் இருந்தார், ராமகிருஷ்ண மடத்தின் ஆங்கில இதழுக்கு ஆசிரியராகவும் இருந்தார். எங்கள் மண்ணிலேயே ஒருவர் இரண்டையும் அப்படி வைத்திருந்தார்.

எனக்கு உண்மையில் வலிக்கிற பிழை வேறு. பிள்ளை வாய் திறந்து ஒரு வசனம் சொல்லும். பக்கத்தில் இருக்கிற அண்ணனோ மாமாவோ சிரிப்பார். தரம் 3இலிருந்து சாதாரண தரம் வரை ஒன்பது வருடம் இங்கிலீசுப் பாடம் படித்தும் கடையில் ஒரு வசனம் பேசக் கூசுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். பலருக்குத் தடையாக நிற்பது இலக்கணமல்ல, அந்தச் சிரிப்புத்தான். பேசும்போது இடைமறித்துத் திருத்தாதீர்கள். சொல்லி முடித்ததும் சரியான வசனத்தை நீங்கள் ஒருதரம் இயல்பாகச் சொல்லிவிடுங்கள். பிள்ளை கேட்டுக்கொள்ளும்.

சனிக்கிழமை மூன்று மணித்தியாலம் இருத்தி வைப்பதும் பலன் தராது. ஒவ்வொரு நாளும் கால் மணித்தியாலம் போதும், ஆனால் ஒரு நாளும் விடக்கூடாது. தமிழ் எழுத்து ஓடுகிற படத்தைப் போட்டால் கண் தமிழைத்தான் வாசிக்கும். இங்கிலீசு எழுத்தோடு பார்க்கச் சொல்லுங்கள்.

நேற்றுக் காலை அந்தக் கொப்பியை மூடி வைத்துவிட்டு, மருமகளைக் குசினிக்குக் கூட்டிப் போனேன். அம்மம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தா. “இப்ப என்ன செய்றா என்று சொல்லு.” கொஞ்சம் யோசித்து, “ஷி இஸ் கட்டிங் த ஃபிஷ்” என்றாள். “ஒவ்வொரு நாளும் என்ன செய்வா?” இந்த முறை கூடுதலாக யோசித்தாள். “ஷி கட்ஸ் ஃபிஷ் எவ்ரி மோர்னிங்.” அம்மம்மா கத்தியை வைத்துவிட்டு, “என்னைப் பத்தி என்ன புள்ள சொல்றாய்?” என்று கேட்டா. இரண்டு வசனத்தையும் தமிழில் சொல்லிக் காட்டப் பார்த்த மருமகள், இரண்டுக்கும் ‘வெட்டுறா’ என்றே வருகிறதைக் கண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.