ஆங்கிலக் கூட்டுச்சொற்களை அசை பிரிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளிடம் வெளிச்ச வீட்டுக்குரிய ‘லைற்ஹவுஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால், பாலமீன்மடுவில் அந்த வெளிச்ச வீட்டைப் பார்த்தே வளர்ந்தவர்கள்கூட, நடுவில் அடுத்தடுத்து நிற்கும் ‘ரீ’, ‘எச்’ என்ற இரண்டு எழுத்துகளையும் ஒரே ஒலியாகச் சேர்த்து ‘லை-தவுஸ்’ என்று பிரித்துவிடுகிறார்கள். கூட்டுச்சொல்லில் முதலில் தேட வேண்டியது இரண்டு சொற்களும் பொருந்தும் இடத்தையே. ‘லைற்’ முடிந்த பின்னர்தான் ‘ஹவுஸ்’ தொடங்குகிறது.

இதைவிட ஆழமாக வேரூன்றிய தவறு, ஆங்கில ஒலியைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்து எண்ணுவது. ‘ஹோம்வேர்க்’ என்ற சொல்லுக்கு ஒரு மாணவி ‘ஹோ-மு-வேர்-க்கு’ என்று மெதுவாகச் சொல்லி நான்கு விரல்களை மடக்கினாள். மெய்யில் முடியும் சொல்லோடு உகரம் சேர்ப்பது நம் நாவின் இயல்பு, ஆனால் அச்சொல்லுக்கு அசை இரண்டுதான். யாப்பிலக்கணம் நன்கு படித்தவர்களுக்கு வேறொரு மயக்கம் உண்டு. ‘ஹனிமூன்’ அவர்களுக்கு நிரை, நேர் என இரண்டசையாகத் தெரியும். ஆங்கிலத்தில் குறிலிணைந்து நிரையசை ஆவதில்லை. ஒவ்வோர் உயிரொலிக்கும் ஓர் அசை என்பதால் அது மூன்றசைச் சொல். நம் இலக்கணத்தில் பிழை ஏதுமில்லை. அசை என்ற ஒரே பெயரை இரு வேறு அளவைகளுக்கு வைத்ததே குழப்பத்துக்குக் காரணம் என்பது என் எண்ணம்.

கூட்டுப் பெயர்ச்சொல்லில் பெரும்பாலும் முதற்சொல்லே அழுத்தம் பெறும். இதை முதலசை என்று மனனம் செய்தவர்கள் ‘பொலிஸ்மன்’ என்பதில் ‘பொ’வை அழுத்துகிறார்கள். முதற்சொல்லாகிய ‘பொலிஸ்’ தனித்து நிற்கும்போது எந்த அசையில் அழுத்தம் பெறுகிறதோ, அந்த ‘லிஸ்’தான் இங்கும் அழுத்தம் பெறும், இறுதி ‘மன்’ தேய்ந்து ஒலிக்கும்.

இடைவெளி விட்டு எழுதினால் கூட்டுச்சொல் அல்ல என்று எண்ணுவதும் தவறே. ‘இங்கிலிஷ் ரீச்சர்’ என்பதில் முன்சொல்லை அழுத்தினால் ஆங்கிலம் கற்பிப்பவர். பின்சொல்லை அழுத்தினால் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆசிரியர். களுவாஞ்சிகுடியிலோ கல்முனையிலோ ஆங்கிலம் படிப்பிப்பவரைப் பின்சொல்லில் அழுத்திக் குறிப்பிட்டால், கேட்கும் வெளிநாட்டவர் அவரை ஆங்கிலேயர் என்றே விளங்கிக்கொள்வார்.

விதிக்கு விலக்கும் உண்டு. ‘ஸ்ட்ரீட்’ என முடியும் வீதிப் பெயர்களில் முன்சொல் அழுத்தம் பெற, ‘றோட்’ என முடிபவற்றில் பின்சொல்லே அழுத்தம் பெறும். ஆகவே ‘மெயின் ஸ்ட்ரீட்’டில் ‘மெயின்’ உரத்து ஒலிக்கும். நம் மட்டக்களப்பு ‘பார் றோட்’டில் ‘றோட்’ உரத்து ஒலிக்கும்.